சிவப்பு முள் ஏறிய கட்டடங்கள்

நாடி பிடித்துப் பார்த்தால் வைத்தியருக்கு மரியாதை. அதையே கரண்ட் ஆபீஸ் ஆள் செய்தால் வசவு. மதுரைக்குக் கரண்ட் வந்து சில வருஷம் ஆகியிருந்த காலம். அவசரமாகப் போட்ட கம்பிகள் பாரம் தாங்காமல் திணறின. எந்தக் கட்டடம் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்து வருவது என் உத்தியோகம். என் மீட்டரில் இரண்டு முள். கருப்பு முள் சிவப்பு முள்ளைத் தள்ளிக்கொண்டு ஏறும். பிறகு கருப்பு இறங்கிவிடும். சிவப்பு, ஏறிய உச்சத்திலேயே நிற்கும். பிறர் வீட்டுக்குள் அளவுகோலோடு நுழைந்து பிழைத்தவர்கள் உங்களில் இருந்தால் என் பாடு புரியும்.

நல்ல பேர்

வடக்கு மாசி வீதியில் ஒரு வக்கீல் வீடு. பன்னிரண்டு பல்பு, நாலு விசிறி. மீட்டரை மாட்டிவிட்டு ஒரு வாரம் கழித்துப் போனால் சிவப்பு முள் இடத்தைவிட்டு அசையவே இல்லை. மீட்டர் கெட்டுவிட்டது என்று பயந்து கழற்றி ஆபீஸுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தேன். ஒரு பழுதும் இல்லை.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. ஏழு நாளும் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு. வக்கீல் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே கேஸ் கட்டுப் படித்திருக்கிறார். அவர் சம்சாரம் பெருமையாகச் சொன்னார்: "நீங்க வந்து அளக்கையில எங்க வீட்டுக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாதுல்ல, தம்பி?"

மச்சானும் மாப்பிள்ளையும்

செல்லூரில் ஒரே சந்தில் எதிரெதிராக இரண்டு தறிக்கூடங்கள். ஒன்று கருப்பையாவுடையது. மற்றது அவர் தங்கையைக் கட்டிய ராமசாமியுடையது. முதலில் ராமசாமி கூடத்தில் அளந்தேன். முள் ஒன்பதில் நின்றது. வேறொரு மீட்டர் மாட்டிய கருப்பையா கூடத்தில் ஏழு.

"மாப்ளைக்கு எம்புட்டு?" என்று கருப்பையா கேட்டார். நான் யோசிக்காமல் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் போனால், பட்டப்பகலில் அத்தனை பல்பும் எரிகிறது. ஆளில்லாத அறையில் விசிறி சுற்றுகிறது. வெறும் கல்மேல் இஸ்திரிப் பெட்டி காய்ந்துகொண்டிருக்கிறது. முள் எட்டரை. இது கணக்கில் சேராது என்று கெஞ்சினேன். அவர் காதில் வாங்கவில்லை. "இன்னும் ரெண்டு நாளைக்கு முள்ளு இங்கனயே இருக்கட்டும் அண்ணே, நான் போய் ஒரு ரேடியோப் பெட்டி வாங்கியாரேன்!"

ஒன்பது மணி

இது கொஞ்சம் கவலையோடு தொடங்கிய கதை. ஊருக்கு வடக்கே ஒரு மிஷன் பிரசவ ஆஸ்பத்திரி. கருவிகளைக் கொதிக்கவைக்கக் கரண்ட் கொப்பரை வேண்டும் என்று மனுப் போட்டிருந்தார்கள். அதுவரை கரி அடுப்புத்தான். தலைமை நர்ஸ் கிரேஸ் அம்மாள் என்னைக் கண்டதும், "போன வாரம் ஒரு பொண்ணு. கத்தி கொதிக்கிறதுக்குள்ள உசுரு போயிட்டுத் திரும்பி வந்துச்சு, சார்" என்றார்.

மீட்டர் மாட்டிய மூன்றாம் நாள் பார்த்தேன். சிவப்பு முள் கிட்டத்தட்டக் கடைசியில். அப்படியே எழுதிக் கொடுத்தால், கம்பி இதற்குமேல் தாங்காது என்று மனு தள்ளுபடி. மறுநாள் விடிந்ததிலிருந்து மீட்டர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். எட்டரை வரை கருப்பு முள் சாதுவாக இருந்தது. பிறகு ஏறத் தொடங்கியது. டாக்டரம்மா ஒன்பதுக்கு வார்டு சுற்ற வருவார். அதற்குள் தொட்டி நிறைய வேண்டுமென்று பம்ப் ஓடுகிறது. துணி அறையில் மூன்று இஸ்திரிப் பெட்டி. வார்டில் எல்லா விசிறியும்.

பம்பை விடியற்காலைக்கு மாற்றக் கிரேஸ் அம்மாள் உடனே ஒப்புக்கொண்டார். துணி அறை சவரியம்மாள்தான் மடங்கவில்லை. "கோட்டு காலையிலதான் தேய்க்கணும். மடிப்புக் கலைஞ்சா டாக்டரம்மா என்னையத்தான் வைவாக." கிரேஸ் அம்மாள் அவரைக் கரி அடுப்புப் பக்கம் அழைத்துப் போனார். என்ன பேசினார்களோ தெரியாது. திரும்பி வந்த சவரியம்மாள், "முந்துன நா மத்தியானமே தேய்க்கிறேன்" என்றார்.

முள்ளைக் கீழே இறக்க வேண்டுமானால் மீட்டரின் ஈய முத்திரையை உடைக்க வேண்டும். என்ஜினீயர் சொல்லாமல் உடைத்தால் வேலை போகும். அவரிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர், "உடைச்சு இன்னும் மூணு நாள் பாரு" என்றார். இந்தத் தடவை முள் பாதியைத் தாண்டவில்லை. அடுத்த மாதமே கொப்பரை வந்தது.

அது கொதிப்பதைப் பார்க்கப் போயிருந்தேன். கிரேஸ் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சவரியம்மாள் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "முள்ளு எறங்குனது சந்தோசந்தேன். என் மத்தியானத் தூக்கம் போச்சே, அத எந்த மீட்டர்ல அளப்பீக?"

இப்படி ஊரிலுள்ள கட்டடங்களின் உச்சத்தையெல்லாம் குறித்துக்கொண்டு திரிந்த நான், கடைசிவரை அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில்தான் அறிக்கை எழுதினேன், ஏனென்றால் ஆனையூரில் என் வாடகை வீட்டுப் பக்கம் கரண்ட் கம்பம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.