அப்பா இறங்கிய பள்ளம்

அப்பா, நாகேந்திரம், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடையில் முப்பது வருடம் நின்றவர். ‘வேலை செய்தனான்’ என்று சொல்லமாட்டார். ‘நிண்டனான்’ என்றுதான் சொல்லுவார். அந்தக் கடையில் வேலையாட்களுக்கு நாற்காலி இருக்கவில்லை.

ஓய்வுபெற்றபின் சீனி வருத்தத்துக்காக மரீன் டிரைவில் நடக்கத் தொடங்கினார். அங்கேதான் வின்சன்ற் அங்கிள் பழக்கமானார். கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, கடைசியில் மகளோடு இருக்க வெள்ளவத்தைக்கு வந்தவர். கடற்கரையில் நடந்து அலுத்துப்போய் மலைக்குப் போவோம் என்றவர் அவர்தான்.

முதல் மலையில் அப்பா உச்சியிலிருந்து எனக்கு போன் எடுத்தார். “பிள்ளை, இவ்வளவு தூரம் தெரியுது” என்றார். பிறகு மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் வின்சன்ற் அங்கிள் கத்தினார்: “யாழ்ப்பாணத்தான் மலைய இப்பதான் காண்றான், மகள்! அங்க எல்லாம் தட்டைதானே!”

“உன்ரை மலை கொட்டாஞ்சேனைக் கோயில் படிக்கட்டுத்தானே, பொத்து வாயை” என்றார் அப்பா.

அதன்பின் அவர் வாழ்க்கை மலைகளுக்கு இடையிலான நாட்களாகிவிட்டது. வீட்டுக்குள்ளேயே சப்பாத்தைப் போட்டுப் பழக்குவார். பையில் அரைவாசிக்கு மருந்து. வழியில் யாருக்காவது காலில் கொப்புளம் வெடித்தால் உட்கார்த்தி வைத்துக் கட்டுப்போடுவார். அம்மா போனபின் அவர் அவ்வளவு கதைத்து நான் பார்த்ததில்லை.

அவர்கள் அடுத்துப் போக இருந்த ஊவா மலைப்பக்கம் ஆகஸ்ட் மாதம் மழை இல்லை. காற்று மட்டும். அந்த மாதங்களில் அங்கே புல்மலைகள் எரியும். நான் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் பொறியியலாளர். எந்தக் கோபுரம் வேலை செய்கிறது, எது நின்றுவிட்டது என்று பார்ப்பது என் வேலை. நெருப்புக் காலத்தில், வானிலிருந்து எரியும் இடங்களைக் காட்டும் செய்மதி வரைபடத்தையும் திறந்து வைத்திருப்போம்.

“அப்பா, அப்புத்தளைப் பக்கம் ரெண்டு இடத்திலை எரியுது. இந்த முறை விடுங்கோ.”

“ரயில் ரிக்கற் எடுத்தாச்சு.”

“ரிக்கற் பெரிசா?”

“நெருப்பு அந்த மலையிலை. நாங்கள் போறது இந்த மலைக்கு.”

சனிக்கிழமை நான் வேலையில் இருந்தேன். மத்தியானத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கோபுரம் ஒன்று மின்சாரம் போய் பற்றரிக்கு மாறியது. வரைபடத்தில் அவர்கள் ஏறிய சரிவிலேயே சிவப்புப் புள்ளிகள் இருந்தன. அந்தப் படமும் பழையது. செய்மதி காலையில் கடந்தபோது எடுத்தது. அதற்குப்பிறகு நெருப்பு எங்கே போனது என்று அதில் இல்லை.

அப்பாவின் போனுக்கு அழைப்புப் போகவில்லை. பொலிஸுக்கு எடுத்தேன். “அப்பி தன்னவா, மிஸ். கட்டிய யனவா” என்றார்கள் சிங்களத்தில். தெரியுமாம், ஆட்கள் போகிறார்களாம். வன அலுவலகத்தில் இன்னொரு இலக்கம் தந்தார்கள். அந்த இலக்கத்தில் முதலில் எடுத்த பொலிஸின் இலக்கத்தைத் தந்தார்கள்.

பிறகு அப்பாவே எடுத்தார்.

படபடவென்று வெடிக்கும் சத்தம்தான் முதலில் கேட்டது. மூங்கில். பச்சை மூங்கில் நெருப்பில் வெடித்தால் துவக்குச் சுடுவது போலவே இருக்கும்.

“பிள்ளை, நான் படுத்திட்டன்.”

“எங்கையப்பா?”

“ஒரு பள்ளம். ஆழமான பள்ளம். நல்ல இடம்.”

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுப் பின்வளவில் குண்டுக்குப் பதுங்க ஒரு பங்கர் இருந்தது. அப்பாவே வெட்டி, பனங்குற்றி அடுக்கியது. சத்தம் கேட்டால் என்னைத் தூக்கிக்கொண்டு அதற்குள் இறங்குவாராம். அப்போது எனக்கு மூன்று வயது. எனக்கு நினைவில்லை. அவருடைய உடம்புக்கு நினைவிருந்தது. வெடி கேட்டால் இறங்கு, தலையைத் தூக்காதே. அந்தப் பழக்கத்தால்தான் நாங்கள் உயிரோடு இருந்தோம்.

மலையில் நெருப்பு கீழிருந்து மேலே ஓடும். சூடும் புகையும் சரிவில் இறங்கும் பள்ளத்துக்குள்ளால்தான், புகைபோக்கிக்குள்ளால் போல, ஏறும்.

“அப்பா, எழும்புங்கோ. வெளியாலை வாங்கோ. எரிஞ்சு கறுத்த இடத்துக்கு ஓடுங்கோ, அங்கை திரும்ப எரியாது.”

“சத்தம் கேக்கேல்லையே உனக்கு?”

“அது மூங்கில், அப்பா. மூங்கில்!”

அவர் இருமினார். பிறகு மிக மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: “பயப்பிடாதை. தலையைத் தூக்காமல் இரு. முடிஞ்சிடும்.”

கோபுரத்தின் பற்றரி முடிந்து லைன் அறுந்தது. திரையில் அதன் பச்சை விளக்கு சிவப்பானதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபுரத்தின் ஒவ்வொரு பாகமும் எனக்குத் தெரியும். இங்கே கொழும்பிலிருந்து அதில் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. மேசைக்கு முன்னால் இருந்தேன். பக்கத்தில் வேலைசெய்யும் ரூபிகா என் தோளில் கை வைத்தபடி நின்றாள்.

இருட்டுவதற்கு முன் அவரைக் கண்டெடுத்தார்கள். தீக்காயம் அதிகம் இல்லை. புகைதான்.

பொரளையில் தகனம் முடிந்தபின் வின்சன்ற் அங்கிள் வீட்டுக்கு வந்தார். இரண்டு கைகளிலும் கட்டு. நான் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துப் பருக்கினேன்.

“நா கறுத்த பக்கம் ஓடிட்டேன், மகள். அங்கதான் நெருப்பு இல்ல. திரும்பிப் பாத்தா ஆள் இல்ல. நாலு தரம் போனேன். கிட்டப் போக ஏலல்ல. ‘மச்சான், இங்கால வா’ண்டு கத்துறேன், அவன் உள்ள இருந்து எனக்குக் கத்துறான், ‘படு, வின்சன்ற், படு’ண்டு. ஏன் மகள் அவன் இறங்கினான்?”

பங்கரைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். கொட்டாஞ்சேனையில் யாரும் பங்கர் வெட்டவில்லை. குண்டு வெடித்தால் தெருவுக்கு ஓடி வந்து யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார்களாம்.

“நா கூப்பிட்டேன்தானே, மகள்” என்றார் மறுபடியும்.

“ஓம் அங்கிள். நானும் கூப்பிட்டனான்.”