வெண்கலம் தேர்ந்தெடுத்த தகவல்

எங்கள் வானொலி நிலையத்தில் காலை நிகழ்ச்சி நடத்துகிறவருக்கு வெண்கலம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல. தன் குரல் வெண்கலக் குரல் என்று அவரே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்ததால் நாங்கள் வைத்தது. டீ வேண்டும் என்பதைக்கூட மேடையில் ஏறி உரையாற்றுகிற தோரணையில்தான் சொல்வார்.

நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். டயர் கடைக்கு மேலே மூன்று அறை. எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டி, வாசலில் ஒலிப்பதிவுக் கூடம் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். கீழே காற்றடிக்கும் மிஷின் ஓடினால் மேலே செய்தி வாசிப்பவர் குரல் நடுங்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பாட்டுப் போடுவதும், நேயர்களின் போனை இணைத்துக் கொடுப்பதும் என் வேலை. அந்தப் பக்கம் அவர், அவருக்கு முன்னால் மைக்.

தினமும் 'துளித் தகவல்' என்று ஒன்றை எடுத்து விடுவார். எறும்பு தூங்கவே தூங்காது என்பார். அடுத்த மாதம் அதே எறும்பு தூங்கி எழுந்து சோம்பல் முறிக்கிற அழகை வர்ணிப்பார். எது உண்மை என்று ஒருநாள் கேட்டேன். நேயர்கள் எறும்பைப் பிடித்து வைத்தா பார்க்கப் போகிறார்கள் என்று என்னையே மடக்கினார்.

இப்பேர்ப்பட்டவரின் மனைவி போன மாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். சண்டையே போடவில்லையே என்று வெண்கலம் எங்களிடம் புலம்பினார். சண்டை போடுவதற்காவது ஆள் வீட்டில் இருக்க வேண்டாமா? மாமனார் செத்ததற்கும் நிகழ்ச்சி முடிந்துதான் போனார். மகளின் பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென முழிப்பார். இரண்டு முறை போய் மனைவியைக் கூப்பிட்டார். அந்தம்மா மரியாதையாக உட்காரவைத்து, மரியாதையாகவே அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு ஆள் ஆடிப்போய்விட்டார். சட்டையில் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவார். அதைச் சொல்லவும் வீட்டில் ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் நிலையத்தின் ஆண்டு விழா வந்தது. நம் நிலையத்தைப் பற்றியே சுவையான தகவல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள், நேயர்கள் போனில் கலந்துகொள்ளட்டும் என்று மேலாளர் சொன்னார். முட்டை அட்டையைச் சொல்லலாம் என்றேன் நான். முதல் நாள் ஒலிபரப்பில் வணக்கத்துக்கு முன்னால் டயர் வெடித்த சத்தம்தான் போனது, அதைச் சொல்லலாம் என்றார் மேலாளர். இரண்டுமே நல்ல தகவல். இரண்டிலும் வெண்கலம் இல்லை என்பதுதான் குறை. எங்களைப் புழுவைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

மறுநாள் முகமெல்லாம் பல்லாக வந்தார். தகவல் கிடைத்துவிட்டதாம். நிலையம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு காலைகூட இவருடைய குரல் ஒலிக்காமல் விடிந்ததில்லையாம்.

"அவ தினமும் கேப்பாம்மா. இதக் கேட்டா, மனுஷன் சும்மா ஊர் சுத்தலன்னு அவளுக்குப் புரியும். போன் பண்ணினா உடனே குடுத்துடு," என்றார் என்னிடம்.

மனைவியைத் திரும்ப அழைக்க ஒரு மனிதன் கண்டுபிடித்த வழியைப் பாருங்கள். எதனால் அந்தம்மா வீட்டை விட்டுப் போனாரோ, அதையே மெடலாகக் குத்திக்கொண்டு நிற்கிறார். அதை அவரிடம் யார் எடுத்துச் சொல்வது? சொன்னால் மட்டும் கேட்டுவிடவா போகிறார்?

விழா நாளில் தகவலை இழுத்து இழுத்துச் சொன்னார். மகள் பிறந்த காலையில்கூட மருத்துவமனைக்குப் போகாமல் நேயர்களோடு இருந்தேன் என்று, யாரும் கேட்காமலேயே சேர்த்துக்கொண்டார். மூன்றாவது அழைப்பு அவருடைய மனைவி. சொன்னபடி உடனே கொடுத்தேன்.

"அன்னிக்கு உங்க ஸ்டேஷன் வேலை செய்யலங்க," என்றார் அந்தம்மா. குரலில் கோபமே இல்லை. "வலியில கெடந்தேன். உங்க குரலையாவது கேப்போம்னு அக்கா பக்கத்துல ரேடியோவ வச்சாங்க. காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் வெறும் இரைச்சல்தான்."

மேலாளரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் குனிந்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். எங்கள் கூடத்தில் உள்ள ஸ்பீக்கரில் கேட்பது மைக்கில் பேசுவதுதான். வெளியே போகிறதா என்று அது காட்டாது. ஊருக்கு வெளியே ஒலிபரப்பு டவரில் பியூஸ் போய்விட்டால், உள்ளே இருப்பவர் தெரியாமல் பேசிக்கொண்டே இருக்கலாம். விளம்பரக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று அன்றைக்கு நடந்ததை அவரிடம்கூடச் சொல்லாமல் மூடி மறைத்திருக்கிறார்கள். மனைவி பிரசவ வலியில் துடிக்க, வெண்கலம் காலை முழுக்க முட்டை அட்டையிடம் பேசியிருக்கிறார்.

"ஏன் இத்தன வருஷமா சொல்லல?" என்று மனைவியிடம் கேட்டார். அது வெண்கலமாக இல்லை. சாதாரண மனிதனின் குரல்.

"சாயந்திரம் வந்து, உனக்காக ஒரு பாட்டுப் போட்டேனே, கேட்டியான்னு அவ்வளவு ஆசையாக் கேட்டீங்க. பாவமா இருந்துச்சு. கேட்டேன்னு சொல்லிட்டேன். இனிமே என்னால அப்படிச் சொல்ல முடியாதுங்க."

இணைப்பு அறுந்தது. பாட்டுப் போடக் கையைக் கொண்டு போனேன். இப்போதாவது எழுந்து ஓடுவார், அந்த அக்கா வீட்டு வாசலில் போய் நிற்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணைத் துடைத்தார், மைக்கைக் கிட்டே இழுத்தார். வெண்கலம் திரும்பி வந்தது.

"அழைப்புக்கு நன்றி நேயரே. தொடர்ந்து கேட்டுக்கொண்டிருங்கள்."