வெறும் வைட்டமின் என்று சொன்னேன்

அமரவிளையில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் பேத்திக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே வலிப்பு வந்தது, தலைமுடியும் கொட்டியது. பயோட்டின் என்ற பி வைட்டமினை உணவிலிருந்து பிரித்துக் கொடுக்கும் பயோட்டினிடேஸ் நொதி அவளுக்கு இல்லை என்றார் டாக்டர். ஆயுள் முழுக்கத் தினமும் ஒரு குளிகை கொடுக்கச் சொன்னார். கொடுத்ததும் வலிப்பு நின்றது, முடி வளர்ந்தது.

நன்றாக இருக்கும் பிள்ளைக்கு மருந்து எதற்கு என்று தோன்றியது எனக்கு.

“வெறும் வைட்டமினாக்கும் மக்கா. மீனும் முட்டையும் தின்னுத பிள்ளைக்கு இது எதுக்கு?” என்றேன் மருமகளிடம்.

“நிறுத்தப்பிடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா மாமா?” என்றாள். பிறகு, “நீங்க படிச்ச ஆளு, உங்களுக்குத் தெரியாததா,” என்று குளிகையை நிறுத்திவிட்டாள்.

நொதி இல்லாமல் வினை நடக்காது என்று ஆண்டுதோறும் பாடம் எடுத்தவன் நான்.

சில மாதங்களில் வலிப்பு திரும்பியது. குளிகையை மறுபடி தொடங்கியதும் அது அடங்கியது. ஆனால் அதற்குள் அவளுக்குக் காது கேட்காமல் போயிருந்தது. அது இனித் திரும்பாது என்றுவிட்டார்கள்.

மருமகள் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் காலையில் குளிகையைப் பாலில் கரைத்து நானே கொடுக்கிறேன். பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முன்னால் போய் நின்று, அவள் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருக்கிறேன்.