பேட்டர்னைத் தூக்கிக் கொடுத்தவர்

என் பேட்டர்னைக் கொண்டுபோய் வெளிநாட்டுக் கம்பெனியிடம் கொடுத்தது அந்த அதிகாரிதான். வந்தவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இவர்தான் எடுத்துக் காட்டினார். திருப்பித் தருகிறேன் என்று என் வாசலில் நின்று சொன்னவரும் இவர்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் எங்கே போனாலும் வெளிநாட்டு முதலீடு என்றுதான் பேச்சு. அரசாங்கம் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களை அழைத்துவந்து ஊரைச் சுற்றிக் காட்டியது. அவர்களோடு சேர்ந்தால் சின்னப் பட்டறைகளும் வளரும் என்று எங்களைக் கூட்டிவைத்துச் சொன்னார்கள். அந்த வேலைக்கு அனுப்பப்பட்டவர் இவர்.

கணபதிப் பக்கம் எங்கள் பட்டறை. போர்வெல் குழாய்க்குள் இறக்கும் மோட்டார் பம்புக்கு இம்பெல்லர் வார்த்துக் கொடுத்தோம். தண்ணீரை மேலே தள்ளுகிற சக்கரம் அது. லேத்தில் என் வீட்டுக்காரர் நிற்பார். ஆர்டர் பிடிப்பதும் சண்டை போடுவதும் என் வேலை. அன்னூர்ப் பக்கத்துப் போர்வெல்களில் தண்ணீரோடு மணலும் வரும். மற்றவர்களின் சக்கரம் இறுகி நின்றுவிடும், எங்களுடையது ஓடும். எங்கள் பட்டறைக்கு இருந்த பெயரே அதனால் வந்ததுதான். அந்தச் சக்கரத்தை வார்க்க மரத்தில் செதுக்கிய அச்சுதான் பேட்டர்ன். செதுக்கி, தூக்கிப் போட்டு, மறுபடி செதுக்கி, வருஷக்கணக்கில் பாடுபட்டது.

எங்கள் சந்தில் பேட்டர்ன் இரவல் போகும். பக்கத்துப் பட்டறையில் கேட்டால் கொடுப்போம். வேலை முடிந்ததும் துடைத்துக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அதை வைத்துத் தன் பெயரில் பொருள் விற்றவன் மறுநாள் அந்தச் சந்துக்குள் நடக்க முடியாது. சீட்டு எழுதி வாங்கும் வழக்கம் கிடையாது. எழுதிக் கொடு என்று கேட்டால் அவனைத் திருடன் என்று சொன்னதாக அர்த்தம்.

இரண்டு வெளிநாட்டுக்காரர்களோடு ஒருநாள் மத்தியானம் அதிகாரி வந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தோம். அவர்களில் ஒருவர் சக்கரத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடனே இவர் அலமாரியிலிருந்து பேட்டர்னை எடுத்துவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, இதை ஒரு வாரம் குடுங்க. அவிய இஞ்சினியருங்க பாத்துப்போட்டுத் தந்துருவாங்க. நாளைக்கு இந்தச் சந்துக்கே ஆர்டர் வருமுங்க."

"திரும்பி வந்துருமுங்களா?"

"என்னங்க அம்மணி, கவர்மெண்ட் மேல நம்பிக்கை இல்லீங்களா? நானென்ன இதைத் தூக்கிட்டு ஓடியா போயிருவேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விருந்தாளிகள் முன்னால் சீட்டுக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. பழைய வேட்டியில் சுற்றி நானே கொண்டுபோய் அவர் காரில் வைத்தேன். பக்கத்துப் பட்டறைக்காரனுக்குக் கொடுப்பதுபோல நினைத்துக் கொடுத்துவிட்டேன். என் மடத்தனம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவர் செய்தது.

ஒரு வாரம் ஆறு மாதமானது. ஆபீசுக்குப் போனால் ஃபைல் மெட்ராசுக்குப் போயிருக்கிறது என்றார்கள். கையில் மிச்சமிருந்த ஒரு சக்கரத்தைப் பார்த்து வேறு பேட்டர்ன் செதுக்கிப் பட்டறையை ஓட்டினோம். மறு வருஷம் தொழில் கண்காட்சியில், அந்த வெளிநாட்டுக்காரர்கள் இங்கே புதிதாகத் தொடங்கிய கூட்டுக் கம்பெனி தன் பம்பைக் குறுக்கே அறுத்துப் பார்வைக்கு வைத்திருந்தது. உள்ளே என் சக்கரம். ஒரு இறகின் நுனியில் பேட்டர்ன் செதுக்கும்போது எங்கள் உளி வழுக்கி விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது. மேடையில் இவர் வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தார். இறங்கியதும் மறித்தேன்.

"அது என் பேட்டர்னுங்க."

"சக்கரம்னா எல்லாமே வட்டமாத்தானுங்க அம்மணி இருக்கும்," என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஒன்று அவருக்குத் தெரியாது. வார்த்த பிறகு, சக்கரத்துக்குள் தண்ணீர் நுழைகிற வாய்ப்பக்க வளையத்தில் என் வீட்டுக்காரர் அரத்தால் மூன்று சாய்வுக் கோடு இழுப்பார். மணல் அதன் வழியாக வெளியே போய்விடும். அது பேட்டர்னில் கிடையாது, எந்தக் காகிதத்திலும் கிடையாது. அடுத்த கோடையில் அன்னூர்ப் பக்கம் அந்தக் கம்பெனி பம்புகள் ஒவ்வொன்றாக இறுகி நின்றன. கேட்கக் கேட்க எனக்கு இனித்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நின்ற பம்புகளில் ஒன்று அந்த அதிகாரியுடைய மாமனார் தோட்டத்துப் பம்பு. டெம்போவில் ஏற்றிக்கொண்டு அவரே வந்தார்.

"வாழை காயுதுங்க அம்மணி. கொஞ்சம் பாத்து உடுங்க."

என் வீட்டுக்காரர் அரத்தை எடுத்துவிட்டார். நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"வெளிநாட்டுத் தொழில்நுட்பமுங்க. எங்க கைக்கெல்லாம் புடிபடாதுங்க," என்றேன்.

டெம்போ போனதும் வீட்டுக்காரர், "ஏம்புள்ள, அஞ்சு நிமிச வேலை. தோட்டத்துக்காரரு உனக்கு என்ன பண்ணுனாரு?" என்றார். ஒன்றும் பண்ணவில்லை. இருந்தாலும் நான் செய்து கொடுக்க விடவில்லை. வாழை காய்ந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். இன்றைக்கு வந்து நின்றாலும் அதையேதான் சொல்வேன்.

அதற்கு அதிகாரி பழி தீர்த்தார். அடுத்து நடந்த பட்டறைக்காரர்கள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, அந்தப் பம்புகள் நிற்கக் காரணம் உள்ளூர்ப் பட்டறை ஒன்றிலிருந்து எடுத்த டிசைன்தான் என்றார். உள்ளூர்த் தரம் அவ்வளவுதான் என்றும் சொன்னார். பம்பு ஓடும்வரை அது வெளிநாட்டுச் சரக்கு. நின்றதும் என்னுடையதாகிவிட்டது. பேரைச் சொல்லாவிட்டாலும் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்தேன். நேரமில்லை, உட்காருங்கள் என்றார்கள். அந்த மாதமே எங்களிடம் வாடிக்கையாக வாங்கிய இரண்டு பம்புக் கம்பெனிகள் ஆர்டரை நிறுத்திக்கொண்டன. எங்கள் சக்கரம் நிற்கும் என்று ஊரே பேசியது.

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். தொழில் விழா என்றால் இப்போதும் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போடுகிறார்கள். அவரிடம் கேட்கிறேன். உள்ளூர்ப் பட்டறை என்றீர்களே, எந்தப் பட்டறை? அங்கிருந்து பேட்டர்னை எடுத்தது யார்? என்ன சொல்லி எடுத்தீர்கள், எவன் கையில் கொடுத்தீர்கள், ஏன் திரும்பி வரவில்லை? என் வாசலுக்கு வந்து காதோடு சொல்லிவிட்டுப் போக வேண்டாம். அடுத்த விழாவில் மைக் முன்னால் நின்று, அத்தனை பட்டறைக்காரர்களும் கேட்கச் சொல்லுங்கள்.