பட்டன் இல்லாத மரம்

பதினோரு ஆண்டுகளாக அந்த வீட்டில் மின்னுகிற விளக்கு எதுவும் கிடையாது. டியூப் லைட் லேசாகத் துடித்தால் அன்றைக்கே மாற்றிவிடுவார்கள். டிவியில் ஆட்டம் பாட்டம் வந்தால் உடனே சேனல் மாறும். ஆனால் அந்த வீட்டுக்காரி சம்பாதிப்பதே விளக்குகளை மின்னவைத்துத்தான்.

நகர அரங்கில் எல்லோரும் அவரை லைட்டக்கா என்பார்கள். வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பார்வையாளர் வரிசைக்குப் பின்னால், கண்ணாடி போட்ட சின்ன அறையில், இருட்டில் உட்கார்ந்து மேடைக்கு ஒளி கொடுக்கிறார். ஒரு நாடகத்துக்குள் நூற்று நாற்பது முறை விளக்கு மாறும். ஒரு தடவைகூட முந்தாது, பிந்தாது. இடி மின்னல் வேண்டுமா, பற்றியெரிகிற வீடு வேண்டுமா, எல்லாம் அவர் விரல் நுனியில். எந்தப் புது விளக்கு வந்தாலும் பிளக்கை மூன்று முறை பிடுங்கிச் செருகிப் பார்த்த பிறகே மேலே ஏற்ற விடுவார். "போட்டா எரியறது பெரிசில்ல, கரண்ட் போய் வந்தா என்ன பண்ணுதுன்னு பாக்கணும்" என்பதுதான் அங்கே வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் நாளே கேட்கிற பாடம்.

அவருடைய கணவர் புத்தகம் பைண்டு செய்கிறவர். வீட்டின் பின்னறைதான் பட்டறை. பசை வாசனை, அட்டை வெட்டும் கத்தி, எடை வைத்து அழுத்திய நோட்டுகள். அமைதியான ஆள், ஆனால் ஒரு பக்கம் கோணலாகத் தைத்துவிட்டால் முழுப் புத்தகத்தையும் பிரித்துப் போடுவார்.

பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய டிசம்பரில் அந்த வீட்டிலும் ஆறடி கிறிஸ்துமஸ் மரம் ஒன்று இருந்தது. பல்புச்சரம் தனியாக வாங்கிச் சுற்றியது. ஒரு மாலை அதன் பட்டன் பாதியில் சிக்கிக்கொண்டு, சரம் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. சரிசெய்யலாம் என்று கணவர் குனிந்தார். ஒரு நிமிடத்துக்குள் மரமும் அவரும் தரையில் கிடந்தார்கள். அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அது வலிப்பு என்று அன்றுதான் தெரிந்தது. படபடக்கிற ஒளிதான் அதைக் கிளப்பிவிடுகிறது என்று டாக்டர் அடுத்த வாரம் சொன்னார்.

அதோடு மரம் போனது. கணவர் அரங்குக்கு வருவதும் போனது. மனைவி ஒளி கொடுத்த ஒரு நாடகத்தைக்கூட அதன் பிறகு அவர் பார்த்ததில்லை.

இந்த ஆண்டு அக்டோபரில் டாக்டர் மருந்துச் சீட்டை எழுதியபடியே சொன்னார்: நாலு வருடமாக ஒரு தடவையும் வலிப்பு வரவில்லை, நிலையாக எரிகிற விளக்கு பிரச்சினையில்லை, துடிக்கிற விளக்கு மட்டும் கூடவே கூடாது. வீடு திரும்பும் வழியில் கணவர் பேருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அப்போ மரம் வைக்கலாமா?" என்று கேட்டார். ஒரே ஒரு தடவைதான் கேட்டார். பத்துத் தடவை கேட்டிருந்தால் லைட்டக்கா சமாளித்திருப்பார்.

கீழ் வீட்டில் குடியிருக்கும் நாத்தனாருக்கு விஷயம் போனதும் அவர் மாடியேறி வந்தார். தம்பி விழுந்தபோது ஆஸ்பத்திரியில் மூன்று இரவு உட்கார்ந்திருந்தவர் அவர்தான். இத்தனை வருடம் மரம் இல்லாமல் யாருக்கு என்ன குறைந்துபோனது என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வாங்கறதானா வாங்கிக்கோ. அவன் மறுபடி விழுந்தா நான் டாக்டர்கிட்ட கேக்க மாட்டேன், உன்கிட்டதான் கேப்பேன்" என்றார்.

"கேளுங்க அண்ணி. விளக்கு விஷயத்துல என்னைத்தானே கேக்கணும்" என்றார் லைட்டக்கா.

விளக்கு உள்ளேயே பொருத்தி வருகிற மரம்தான் வேண்டும் என்பதை அவர் முதலிலேயே முடிவுசெய்துவிட்டார். ஆண்டுதோறும் சரத்தைச் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினால் கம்பி எங்காவது தளரும். தளர்ந்த இடத்தில் விளக்கு துடிக்கும். கிளையோடு சேர்த்துக் கட்டிய கம்பியை யாரும் இழுப்பதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் இல்லாத காலை பதினொரு மணிக்கு, நகரின் பெரிய கடை ஒன்றின் மூன்றாம் மாடிக்குப் போனார். பதினான்கு மரங்கள் வரிசையாக நின்று ஆளாளுக்கு ஒரு தாளத்தில் மின்னிக்கொண்டிருந்தன. ஐம்பது வயது மதிக்கத்தக்க விற்பனையாளர் டையை நீவிக்கொண்டே வந்தார்.

"எட்டு விதமா ஆடும் மேடம்."

"ஆடாம ஒண்ணு இருக்கா?"

பட்டனை எட்டாவது தடவை அழுத்தினால் ஆடாது என்று சொல்லி அவர் அழுத்திக் காட்டினார். மரம் சாதுவாக எரிந்தது. லைட்டக்கா குனிந்து பிளக்கைப் பிடுங்கினார், மறுபடி செருகினார். மரம் பழையபடி குதிக்க ஆரம்பித்தது. கரண்ட் போய் வந்தால் திரும்ப எட்டுத் தடவை அழுத்திக்கொள்ளலாம், அது ஒன்றும் பெரிய வேலையில்லை என்றார் விற்பனையாளர்.

"நான் அழுத்தி முடிக்கறதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் கீழ விழுந்திருப்பார், அண்ணே."

நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தவர், லைட்டக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டறிந்த பிறகு டையைத் தோளுக்குப் பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு, அடுத்த மரத்தின் பிளக்கைத் தானே பிடுங்கினார்.

பதினான்கில் ஒன்பது மரங்கள் பிளக்கைச் செருகியதுமே ஆடின. மிச்சம் ஐந்து. அடுத்து லைட்டக்கா பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, எரிகிற விளக்குகளுக்கு முன்னால் விசிறிபோல வேகமாக ஆட்டினார். ஒளி நிலையாக இருந்தால் பேனா ஒரே புகைக்கோடாகத் தெரியும். கண்ணை ஏமாற்றிக்கொண்டு துடிக்கிற ஒளியாக இருந்தால் பத்துப் பேனா தனித்தனியாகத் தெரியும். மூன்று மரங்களுக்கு முன்னால் பத்துப் பேனா தெரிந்தது. விற்பனையாளர் தன் பேனாவையும் எடுத்து ஆட்டிப் பார்த்தார். சற்றுத் தள்ளித் திரைச்சீலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி, இந்த இருவருக்கும் என்ன ஆயிற்று என்று நின்று பார்த்தார்கள்.

கடைசியில் இரண்டு மரங்கள் எஞ்சின. ஒன்று ஏழடி, அடர்த்தியானது, பார்த்தவுடன் மனம் போகிற மரம். கடைசியாக எப்படி எரிந்ததோ அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். மற்றது தூணோரமாக ஒதுங்கி நின்ற ஐந்தரை அடி மரம். அதில் பட்டனே இல்லை. போட்டால் எரியும், எடுத்தால் அணையும், அவ்வளவுதான்.

ஏழடியைக் காட்டி, இது மறந்துவிட்டால் என்ன செய்வது என்று லைட்டக்கா கேட்டார். மறப்பதற்கு இது என்ன மனுஷனா என்றார் விற்பனையாளர். மனிதரைவிட வேகமாக மறக்கிற பெட்டிகளை அரங்கில் நிறையப் பார்த்தவர் லைட்டக்கா. அதுவுமில்லாமல், பட்டன் என்று ஒன்று இருந்தால் வீட்டுக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் அதை அழுத்திப் பார்க்காமல் போகமாட்டார்.

"அந்தச் சின்னதை யாரும் சீண்ட மாட்டாங்கம்மா. ஒரு ஆட்டமும் இல்ல" என்றார் விற்பனையாளர், 'மேடம்' என்பதை எப்போதோ விட்டுவிட்டு.

"ஆட்டத்துக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க, அண்ணே. வீட்டுக்கு இதைக் கட்டுங்க."

கட்டுவதற்கு முன் மரத்தின் மூன்று துண்டுகளையும் கழற்றி மாட்டச் சொன்னார். இதில் தண்டுக்குள்ளேயே மின் இணைப்பு ஓடுகிறது. துண்டுகள் சேருகிற இடம்தான் சந்தேகத்துக்குரியது. தண்டைப் பிடித்து மாங்காய் உலுக்குவதுபோல உலுக்கினார். ஒரு பல்பும் இமைக்கவில்லை.

இவ்வளவு பார்த்து வாங்கியவர் தவறு செய்தது வீட்டில்.

அன்று மதியம் கணவரைக் கீழ் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கூடத்தின் மூலையில் மரத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார். கடையின் பெரிய மாடியில் அடக்கமாகத் தெரிந்த முந்நூறு பல்புகள், பத்துக்குப் பன்னிரண்டு கூடத்தில் ஆபரேஷன் தியேட்டர்போல அடித்தன. ஒளி அதிகமானால் குறைக்க வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கத்தில் கை தானாக வேலைப் பைக்குள் போனது, மேடை விளக்கைத் தணிக்கிற டிம்மரை எடுத்தது, மரத்தின் பிளக்கை அதில் செருகியது, குமிழைப் பாதிக்குத் திருப்பியது. பழைய மேடை விளக்குகள் அதற்கு அழகாக அடங்கும். மரத்தில் இருந்தவை எல்இடி பல்புகள், அவை அப்படி அடங்குவதில்லை. இதை அரங்கில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான்.

முந்நூறு பல்புகளும் படபடவென்று துடித்தன.

சரியாக அந்த நேரம் பார்த்து நாத்தனார் கதவைத் திறந்தார். பின்னால் தம்பி. அவர் ஒரு கையைக் கதவுக்குக் குறுக்கே நீட்டி, மறு கையால் தம்பியின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். லைட்டக்கா அதற்குள் பிளக்கைப் பிடுங்கியிருந்தார். கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்து வாங்கினது இதைத்தானா?" என்றார் நாத்தனார்.

"மரத்து மேல தப்பில்ல, அண்ணி. நான் பண்ணது." டிம்மரை எடுத்துக் காட்டி, என்ன செய்தேன் என்பதை லைட்டக்கா ஒளிக்காமல் சொன்னார்.

"அது இன்னும் மோசம். மரம்னா கடையில திருப்பிக் குடுக்கலாம். உன்னை எங்க போய்த் திருப்பிக் குடுக்கறது?"

படிக்கட்டிலிருந்து கணவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. நாத்தனார் சிரிக்கவில்லை.

லைட்டக்கா டிம்மரைப் பையில் போட்டார். மறுநாள் அதை அரங்கிலேயே வைத்துவிட்டு வந்தார். மரத்தின் பிளக்கை நேராகச் சுவரில் செருகினார். ஒளியைக் குறைக்க வேறு வழி இருந்தது. ஒவ்வொரு பல்பாகப் பிடித்து, முனை தண்டைப் பார்க்கும்படி உள்பக்கம் திருப்பினார். அப்படித் திருப்பினால் ஒளி இலைகளில் பட்டு மிருதுவாக வெளியே வரும். முந்நூறு பல்புக்கு இரண்டு மாலை பிடித்தது. இரண்டாம் மாலை காவலுக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்த நாத்தனார், அரை மணி நேரத்தில் பொறுக்கமாட்டாமல் எழுந்து அடிக்கிளைகளைத் தானே திருப்பத் தொடங்கினார். மன்னித்துவிட்டார் என்று அதற்குப் பொருளில்லை. மரம் ஒரு வாரம் எரியட்டும், அதுவரை தம்பி கூடத்துக்குள் வரக்கூடாது என்று திருப்பிக்கொண்டே உத்தரவு போட்டார். லைட்டக்காவும் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவர் பட்டறையிலிருந்து பசைக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசற்படியில் நின்றார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் காப்பாத்தறீங்க, சரி. என்னையும் ஒரு வார்த்தை கேக்கலாம்ல?"

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னல் திரைகளை இழுத்து மூடச் சொன்னார் அவர். துடிக்கிற ஒளி தென்பட்டால் உடனே ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாக மூடிக்கொண்டு திரும்பிவிட வேண்டும் என்று டாக்டர் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். இப்போது முன்கூட்டியே இடது கண்ணை மூடிக்கொண்டார். நாத்தனார் பின்னாலிருந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார், கிணற்றில் எட்டிப் பார்க்கிறவரைப் பிடிப்பதுபோல.

"போடு" என்றார் கணவர்.

லைட்டக்கா போட்டார். மரம் எரிந்தது. பிடுங்கினார், செருகினார். எரிந்தது. மூன்றாவது தடவை செருகியபோது கணவர் கண்ணிலிருந்து கையை எடுத்தார்.

இரண்டு கண்களாலும் பார்த்தார். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. உள்ளே நடந்துபோய் மரத்துக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். சட்டையை விடாத நாத்தனாரும் கூடவே உட்கார வேண்டியதாயிற்று. பத்து நிமிடம் கழித்து கணவர் மரத்தை நோக்கி விரலை நீட்டினார்.

"அடியில ரெண்டு கிளை கோணலா இருக்கு. யாரு இப்படி விரிச்சது?"

"உன் அக்கா" என்றார் நாத்தனாரே, சட்டையை விட்டுவிட்டு. கணவர் எழுந்து, காகிதத்தை மடிப்பு எடுப்பதுபோலக் கிளைகளை ஒவ்வொன்றாக விரலால் நீவி விரித்தார். லைட்டக்கா பிளக்கின் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். கை மட்டும் இன்னும் சுவிட்சின் மேலேயே இருந்தது.

டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி அரங்கில் இரண்டு காட்சிகள். லைட்டக்கா காலையில் போனால் இரவுதான் திரும்புவார். அன்று மரத்தைப் போடுவதையும் அணைப்பதையும் கணவரே பார்த்துக்கொள்வார்.