அங்கோனாவிலிருந்து பதினாறு மணித்தியாலம்

செல்வமலர் இதுவரை போன பயணங்களை விரல்விட்டு எண்ணலாம். எண்ணிப் பார்த்தால் எல்லாம் கலியாணமும் செத்தவீடும்தான். டொரண்டோ என்றால் மச்சாள் வீட்டுச் சோபா, பாரிஸ் என்றால் சித்தப்பா மகள் வீட்டுக் குசினி. பாரிசில் ஆறு நாள் நின்றவள் அந்தப் பேர்போன இரும்புக் கோபுரத்தைப் பார்த்தது கார்க் கண்ணாடிக்குள்ளால், அதுவும் மண்டபத்துக்கு நேரம் போய்விட்டது என்று காருக்குள் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தபோது. அப்படிப்பட்டவள் ஐம்பத்தேழு வயதில், சொந்தக்காரர் ஒருத்தர்கூட இல்லாத ஊருக்குப் போக வேண்டும் என்று சொன்னால் வீட்டில் யார் நம்புவார்கள்? பகிடி விடுகிறாள் என்றுதான் நினைத்தார்கள்.

அவர்கள் குடியிருக்கும் பிரெஞ்சு பேசும் நகரத்தில், சென்ட் லோரன்ட் பகுதியில் மருந்து பொதி செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. பிற்பகல் மூன்று மணிக்கு மாத்திரை அட்டைகள் ஓடிவரும் பெல்ட்டுக்கு முன்னால் நின்றால் இரவு பதினொன்றுக்குத்தான் கையுறையைக் கழற்றலாம். கணவர் ஸ்ரீதரனுக்குக் கடை கடையாகப் பாண் இறக்கும் லொறி ஓட்டுகிற வேலை. ஊர் எழும்ப முன்னம் போய், பகல் ஒரு மணிக்கு ரொக்ஸ்பரோ வீட்டுக்குத் திரும்புவார். அவர் உள்ளே வர, இரண்டு மணிக்கு அவள் வெளியே போவாள். இடையில் கிடைப்பது ஒரு மணித்தியாலம். அதற்குள் சோறு போட வேண்டும், கார்ச் சாவியைக் கை மாற்ற வேண்டும், பிள்ளையின் காய்ச்சலைச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருடமாக இதுதான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை.

மிச்சக் கதையெல்லாம் குசினியில் நிற்கும் பிறிட்ஜ் கதவில் ஒட்டிய கடதாசித் துண்டுகளில். ‘கோழியை எடுத்து வெளியில் வைக்கவும்.’ ‘தண்ணிக் குழாய்க்காரன் நாலு மணிக்கு வருவான்.’ இதைப் போய்க் காதல் கடிதம் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் சாய்ந்து சாய்ந்து நடக்கும் அந்த எழுத்தைக் கண்டால் அவளுக்கு இன்றைக்கும் மனம் இளகும். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து வெளியே போவார்கள்தான். காரில் அவர் றோட்டைப் பார்ப்பார், அவள் அவருடைய இடக் கன்னத்தைப் பார்ப்பாள் என்று சொல்லவும் வழியில்லை, ஸ்ரியறிங் இடப்பக்கம் இருக்கும் இந்த நாட்டில் அவளுக்குத் தெரிவது வலக் கன்னம்.

அந்தக் கப்பலை அவள் முதலில் கண்டது வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில், போனில் வந்த ஒரு வீடியோவில். இத்தாலியில் அங்கோனா என்று ஒரு துறைமுகம். கப்பலின் பின்பக்கம் திறக்கிறது. கார்கள் ஒவ்வொன்றாக உள்ளே போகின்றன. ஆட்கள் காரைப் பூட்டிவிட்டு மேல்தட்டுக்கு ஏறி, நீலக் கதிரைகளில் கடலைப் பார்த்தபடி இருந்துவிடுகிறார்கள். பிற்பகலில் ஏறினால் பதினாறு மணித்தியாலம் கழித்து, மறுநாள் காலையில் கிரேக்கத்தில் இறங்கலாம்.

அன்றிலிருந்து பெல்ட்டில் மாத்திரை அட்டைகள் வெள்ளை வெள்ளையாக வர வர, செல்வமலர் மேல்தட்டில்தான் இருந்தாள். பக்கத்துக் கதிரையில் ஸ்ரீதரன். வாடகைக் கார் கீழே, சாவி அவருடைய பொக்கற்றில், ஒன்றுக்கும் உதவாமல். அவருக்கு ஓட்ட ஒன்றுமில்லை, அவளுக்குச் சமைக்க ஒன்றுமில்லை. ஒரு கரை மறைந்துவிட்டது, மற்றக் கரை இன்னும் வரவில்லை. நடுவில் வெயில் சாய்கிறது, காற்று அவளுடைய சால்வையைப் பிடித்து இழுக்கிறது, அவர் அதைப் பிடித்துத் தருகிறார். சில நாள் தருகிறார், சில நாள் தானே போர்த்தி விடுகிறார். அது அன்றன்றைய மனநிலையைப் பொறுத்தது. மேற்பார்வையாளர் இரண்டு தடவை வந்து உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஜூனில் ஸ்ரீதரனுக்கு ஓய்வு. செப்டம்பரில் பயணம் என்று முடிவானது. ‘கிரேக்கம் பார்க்க வேண்டும்’ என்றுதான் அவள் எல்லாரிடமும் சொன்னாள். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் அவளுக்கு விழிபிதுங்கும். இறங்குகிற துறைமுகத்தின் பெயரே வாயில் நுழையவில்லை. வேண்டியது அந்தப் பதினாறு மணித்தியாலம் மட்டும்தான் என்பதை வெட்கத்தில் ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

கணினியில் பதிவுகள் செய்வது மகள் ஆர்த்திகாவின் பொறுப்பு. அவள் இப்போது மெட்ரோவுக்குக் கிட்ட தனியாக வாடகைக்கு இருக்கிறாள். மகள் வரும்போது பார்க்கட்டும் என்று செல்வமலர் வழக்கம்போலத் துண்டொன்று எழுதிப் பிறிட்ஜில் ஒட்டிவிட்டாள்: ‘ரோம் நாலு நாள். அங்கோனா. அங்கே இருந்து பாதையில் கிரேக்கம்.’

வினை அங்கேதான் பிறந்தது. செல்வமலர் ஊர்காவற்றுறையில் பிறந்தவள். அங்கிருந்து காரைநகருக்குக் கடலில் ஆட்களையும் சைக்கிள்களையும் வாகனங்களையும் சுமந்து போகிற தட்டையான மிதவைக்கு அந்தப் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். வாகனத்தை ஏற்றிக்கொண்டு கடல் கடப்பது எதுவானாலும், எட்டு மாடி உயரமானாலும், அவளுக்கு அது பாதைதான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த ஆர்த்திகாவுக்குப் பாதை என்றால் றோட்டு.

அடுத்த ஞாயிறு மதியம் ஆர்த்திகா அச்சடித்த தாள்களோடு வந்தாள்.

“வொலா! அம்மா எழுதின மாதிரியே. அங்கோனாவிலை இருந்து வெனிஸ், ஸ்லோவேனியா, குரோவேசியா, மொண்டெனீக்ரோ, அல்பேனியா, பேந்து கிரேக்கம். மூண்டு நாள், எல்லாம் பாதைதான்! ஹோட்டலும் போட்டாச்சு. மாத்திறதெண்டா நாளைக்கில்லை, மற்றத் திங்களுக்கு முன்னம் சொல்லோணும்.”

செல்வமலர் தாள்களைப் புரட்டிப் பார்த்தாள், கப்பல் எங்கேயும் இல்லை.

“நானேதான் வாசிச்சன் அம்மா, ஒருத்தரையும் கேக்கேல்லை,” என்றாள் மகள். முகமெல்லாம் பெருமை.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? “நல்லாயிருக்கு பிள்ளை,” என்றாள் செல்வமலர். ஸ்ரீதரன் தாளைக் கையில் வாங்கி, மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “நல்ல றோட்டாத்தான் இருக்கும்,” என்றார். அவருக்கும் சந்தோசம் போலிருந்தது.

அந்தக் கிழமை முழுக்க பெல்ட்டில் வந்தது வெறும் மாத்திரை அட்டைகள்தான். எவ்வளவு முயன்றும் மேல்தட்டுக்கு ஏற முடியவில்லை. கண்ணை மூடினால் அல்பேனியா, வளைவுக்குப் பின் வளைவு, பக்கத்தில் அவருடைய வலக் கன்னம்.

மறு ஞாயிறு ஜான்-டலோன் சந்தையில் தக்காளியும் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்கள். நாளைக்குத் திங்கள். ஸ்ரீதரன் சாவியைப் போட்டார்.

“இஞ்சாருங்கோ, இப்ப காரை எடுக்காதேங்கோ.”

“ஏன், எதையும் விட்டிட்டு வந்திட்டீரே?”

“ஓம். கப்பலை.”

அவர் திரும்பவில்லை.

“நான் அந்தத் துண்டிலை எழுதின பாதை றோட்டில்லை,” என்றாள். “கடலிலை போறது. பிள்ளை பிழையா விளங்கிட்டாள்.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“நீர் ஊர்காவற்றுறை ஆள். பாதை எண்டு நீர் எதைச் சொல்லுவீர் எண்டு எனக்குத் தெரியாதே? பிள்ளை தாளை நீட்டின உடனையே விளங்கிட்டுது.”

செல்வமலருக்குக் காது சுட்டது. “விளங்கியும் வாயை மூடிக்கொண்டே இருந்தனீங்கள்?”

ஓடாத காரின் ஸ்ரியறிங்கை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். “உம்மடை போனிலை அந்த வீடியோவை நானும் பாத்தனான். பதினாறு மணித்தியாலம், மலர். ஒரு வேலையும் இல்லை. நாங்கள் ரெண்டு பேரும் ஒரு மணித்தியாலத்துக்கு மேலை இருந்து கதைச்சதே இல்லை. அவ்வளவு நேரமும் உம்மோடை நான் என்னத்தைக் கதைக்கிறது? இந்த மனிசனிட்டை ஒண்டும் இல்லை எண்டு உமக்கு அலுத்துப் போம். றோட்டெண்டா நான் ஓடுவன், நீர் பக்கத்திலை இருப்பீர். அது எனக்குத் தெரிஞ்ச வேலை.”

கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. அவ்வளவு வருடமும் விடியப்புறம் எழும்பிப் பாண் கொண்டு திரிந்த மனிதர், பக்கத்தில் இருக்கும் மனைவிக்குப் பயந்துபோய் இருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது. மடியில் தக்காளிப் பையை வைத்துக்கொண்டு அழுதாள், துடைக்கவும் கை வரவில்லை.

“எனக்கும் பயம்தான்,” என்றாள். “அதுக்குப் பயந்து அல்பேனியா முழுக்கச் சுத்தி ஓடுறதே?”

ஸ்ரீதரன் சிரித்துவிட்டார்.

“எனக்குக் கிரேக்கமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். அந்தப் பதினாறு மணித்தியாலமும் உங்களோடை சும்மா இருக்கோணும். அதுக்குத்தான் இவ்வளவு பாடும்.”

சொல்லியேவிட்டாள். அவர் ஸ்ரியறிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு போனை எடுத்து மகளுக்கு அடித்தார். “பிள்ளை, அந்த மூண்டு நாளையும் வெட்டு. அங்கோனாவிலை கப்பல் போடு. ஓம், கப்பல்தான். பிழை உன்னிலை இல்லை, பேந்து சொல்லுறன்.” போனை வைத்தவர் சாவியைக் கழற்றிப் பொக்கற்றில் போட்டார். முதல்முறையாக அவர் முழுதாக அவள் பக்கம் திரும்பினார்.

“மலர், உமக்குக் கப்பலிலை தலை சுத்துமோ?”

அவள் யோசித்தாள். “பெரிய கப்பலிலை ஏறினதில்லையே. தெரியாது. உங்களுக்கு?”

“எனக்கும் தெரியாது.”

பின்னால் ஒரு கார் நிறுத்த இடம் கிடைக்கும் என்று காத்துநின்று ஹோர்ன் அடித்தது. ஸ்ரீதரன் கண்ணாடியை இறக்கி, தாங்கள் இப்போதைக்குப் போகவில்லை என்று பிரெஞ்சில் சொன்னார்.