ஹூஸ்டனில் பர்மியக் குத்துச்சண்டையும் நான் தவறவிட்ட இரண்டு நிமிடங்களும்

போன ஏப்ரலில், நமக்குச் சித்திரை பிறந்த வாரத்துச் சனிக்கிழமை, நானும் மனைவி கல்பனாவும் ஃபிரிஸ்கோவிலிருந்து ஹூஸ்டன் போனோம். கோவிலுக்கோ கடற்கரைக்கோ இல்லை. கையுறை போடாமல் இரண்டு பேர் அடித்துக்கொள்வதைப் பார்க்க. டிவியில் சண்டைக் காட்சி வந்தாலே சேனலை மாற்றுகிற ஆள் நான். அதனால் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் சுஷி கவுண்டர் நடத்துகிறவர் மாணிக்கம். மோல்மேனில் பிறந்த பர்மா தமிழர், வயது முப்பத்தாறு. மகளுக்கு அவகாடோ ரோல் வாங்கப் போய்ப் பழக்கமானவர். ஒருநாள் சாதத்தைப் பாயில் வைத்து உருட்டிக்கொண்டே, "ஹூஸ்டன்ல எங்க புது வருஷ விழாண்ணே. லெத்வே ஆடப்போறேன். இதான் கடைசி," என்றார். லெத்வே என்பதுதான் அந்தக் குத்துச்சண்டையின் பெயர்.

விதிகளையும் கவுண்டரில் வைத்தே சொன்னார். கையில் துணியும் டேப்பும் மட்டும்தான் சுற்றுவார்கள். குத்தலாம், உதைக்கலாம், முழங்கை முழங்கால் எல்லாம் உண்டு, தலையால் முட்டவும் செய்யலாம். (முட்டலாம் என்றதும் என் காது அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.) மூன்று நிமிடம் வீதம் ஐந்து சுற்று. மார்க் போட நடுவர்கள் கிடையாது. எதிராளி எழ முடியாதபடி விழுந்தால் வெற்றி. ஐந்து சுற்று முடிந்தும் இருவரும் நின்றுகொண்டிருந்தால் சமம், யாரும் தோற்கவில்லை.

"விழுந்தா ஒரே ஒரு தடவை ரெண்டு நிமிஷம் கேட்டு வாங்கலாம்ணே. அஞ்சாவது ரவுண்டுல மட்டும் தர மாட்டாங்க," என்றார். முதலுதவிக்காக இருக்கும் என்று தலையாட்டி வைத்தேன்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். விழுந்தால் அதோடு இறங்கிவிடுவதாக மனைவி மாலாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். "அவ கார்னர்ல துண்டோட நிப்பா. வீடியோ எடுக்க ஆளில்ல. நீங்க முழுசா எடுத்துக் குடுங்கண்ணே." சரி என்றேன்.

காலை 7.10க்குக் கிளம்பினோம். ஐ-45 வழியாக 265 மைல். ஹண்ட்ஸ்வில் பக்கம் ரெஸ்ட் ஏரியாவில் பொடி தடவிய இட்லிக்கு இருபத்தைந்து நிமிடம். 11.40க்கு ஹூஸ்டன். டிக்கெட் ஆளுக்கு 35 டாலர், பார்க்கிங் 10. இறங்கியதும் சிரித்த முகத்தோடு ஒரு பெண்மணி என் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். புது வருஷ வழக்கமாம். நனையக்கூடாதது எதையும் கையில் வைத்திருக்காதீர்கள்.

ஹால் சாதாரணக் கல்யாண மண்டபம் மாதிரிதான். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றதில் கொஞ்சம் நிம்மதி. மேடையோரம் மேளக்காரர்கள். நம் நாகஸ்வரத்தின் சொந்தக்காரன் போல ஒரு குழல் சண்டை முழுக்கக் கூடவே ஊதுகிறது. அடி வேகமானால் அதுவும் வேகமாகிறது.

மாணிக்கத்தின் முறை 4.20க்கு. உள்ளே வந்ததும் இடது கையை மடித்து, வலது உள்ளங்கையால் மூன்று முறை தட்டினார். எதிராளிக்கு விடும் சவால் அது. காலையில் சுஷி உருட்டுகிற கையா இது என்றிருந்தது. பயந்துகொண்டுதான் உட்கார்ந்தேன், ஆனால் இரண்டாவது சுற்றிலேயே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். மார்க் இல்லாததால் ஏமாற்றிச் சமாளிக்க வழியே இல்லை. நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதில் ஒரு நேர்மை இருக்கிறது.

நான்காவது சுற்றில் ஒரு முழங்கை தாடையில் பட்டது. மாணிக்கம் சரிந்தார். நடுவர் நிதானமாக எண்ண ஆரம்பித்தார். மாலா துண்டைப் பிடித்துக்கொண்டு கயிற்றருகே ஓடினாள். மணி அடித்தது, மேளம் நின்றது. முடிந்தது என்றே நினைத்தேன். அவர் கீழே கிடப்பதைப் பார்க்கவும் மனசு வரவில்லை.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. தாலி கட்டியதும் பந்திக்கு ஓடி, பந்தியிலிருந்து காருக்கு ஓடுகிற பரம்பரை நான். அந்த பார்க்கிங் லாட்டுக்கு ஒரே ஒரு வழி. கூட்டம் எழும் முன் காரை ரோட்டோரம் போட்டுவிட்டு வந்து மாணிக்கத்தைப் பார்க்கலாம் என்று எழுந்தேன்.

"ஏங்க, எல்லாரும் உக்காந்துட்டுத்தான இருக்காங்க?" என்றாள் கல்பனா.

"வா வா, லாட் ஜாம் ஆயிரும்."

காரை ஸ்டார்ட் பண்ணி ரிவர்ஸ் எடுக்கும்போது குழல் சத்தம் மறுபடி கேட்டது. போட்டது போட்டபடி இருவரும் ஓடினோம். உள்ளே ஐந்தாவது சுற்றில் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. மாணிக்கம் நின்றுகொண்டிருந்தார். ஒரு கண் மூடியிருந்தது, கால் தள்ளாடியது, ஆனாலும் நின்றார். மணி அடித்தது. சமம். இருவர் கையையும் தூக்கிவிட்டார்கள். வெட்கமில்லாமல் அழுதேன்.

பின்கட்டில் பனிக்கட்டிப் பையை முகத்தில் வைத்தபடி அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்த ரெண்டு நிமிஷம் இருக்காண்ணே? எனக்கு எதுவுமே ஞாபகமில்ல. நானா கேட்டு எந்திரிச்சேனா, இவ எழுப்பி விட்டாளா?"

"நான்தான் எழுப்பி விட்டேன்," என்றாள் மாலா. "டாக்டர் பாத்துட்டுச் சரின்னாரு. போங்கன்னேன்."

"இவ அப்படிச் சொல்ற ஆளே இல்லண்ணே. வாக்குத் தவறிட்டேனோன்னு இருக்கு. போட்டுக் காட்டுங்க."

போட்டேன். அவர் விழுகிறார், மாலா துண்டோடு ஓடுகிறாள், அப்புறம் என் ஷூ, தரை, 'லாட் ஜாம் ஆயிரும்' என்று என் குரல். அதோடு முடிந்தது. அவர்கள் மூலைக்குப் பின்னால் முதல் வரிசை எங்களுடையதுதான். அவ்வளவு பக்கத்தில் வேறு யாரும் இல்லை. மாணிக்கம் வலியோடு சிரித்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர் ஊற்றுவார்கள், மாற்றுத் துணி அவசியம். சின்னக் குழந்தைகள் வேண்டாம், ரத்தம் வரும். மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்ட மோஹிங்கா எட்டு டாலர், சைவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோங்கள். முக்கியமாக, ஐந்து சுற்றும் முடியும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள். ஜாம் ஆனால் ஆகட்டும். எங்களுக்கு வெளியே வர நாற்பது நிமிடம் ஆனது.

அந்த ஜாமில் நின்றபோதுதான் மாலா ஒரு டப்பாவில் பழம் எடுத்துக்கொண்டு வந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஜன்னல் வழியாக டப்பாவை நீட்டியபடி சொன்னாள்:

"நல்லவேளைண்ணே, நீங்க எடுக்கல. அவரே ரெண்டு நிமிஷம் கேட்டதை அவர் பாக்கவே வேணாம்."